வேகமும் தவணையும்: தருமபுரி மாவட்ட வணிகத்தில் மின்னணுப் பணப்பட்டுவாடா

தருமபுரி மாவட்டத்தின் கடைவீதிகளில் க்யூஆர் அட்டை ஒட்டாத கல்லாப்பெட்டி இன்று அரிது. இதைக் கொண்டு மாவட்டத்தின் வணிகம் பணப்பட்டுவாடாவில் நவீனமாகிவிட்டது என்று முடிவு கட்டுவோர் உண்டு. அம்முடிவு பாதியளவே சரி என்பது இக்கட்டுரையின் வாதம். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குச் செல்லும் நேரத்தை மின்னணு முறை நிமிடங்களாகச் சுருக்கியிருக்கிறது. ஆனால் பணம் எப்போது புறப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை கையிருப்பு, கடன் வரம்பு, கணக்குச் சரிபார்ப்பு ஆகியவை அடங்கிய நிதி நிர்வாகம். அந்த அடுக்கு மாறாத இடத்தில், விற்றவர் காத்திருக்கும் நாட்களும் குறைவதில்லை. இம்மாவட்டத்தின் இரண்டு விளைபொருட்களான பட்டுக்கூட்டையும் கரும்பையும் கொண்டு இதை ஆராயலாம்.

கருவிகளும் சட்டமும்

பெருந்தொகைக்கான ஆர்டிஜிஎஸ் 2004 மார்ச்சிலும், என்இஎஃப்டி 2005 நவம்பரிலும், ஐஎம்பிஎஸ் 2010-லும், யுபிஐ 2016-லும் வந்தன. மண்டி வணிகத்தைப் பொறுத்தவரை இவற்றுக்கு நிகரான திருப்பம் 2019 டிசம்பர் 16 அன்று நிகழ்ந்தது. அன்று முதல் என்இஎஃப்டி ஆண்டின் எல்லா நாட்களிலும், அரை மணிக்கு ஒரு தொகுதி வீதம் 24 மணி நேரமும் இயங்குகிறது. ஓராண்டு கழித்து ஆர்டிஜிஎஸ்ஸும் அவ்வாறே ஆனது. அதற்கு முன் வங்கி வேலை நாளும் வேலை நேரமும் பார்த்தே பணம் அனுப்ப முடிந்தது. பாலக்கோடு தக்காளி வணிகமோ விடியற்காலைச் சரக்கை நம்பியது. ஞாயிறு, பண்டிகை என்று பார்த்துத் தக்காளி பழுப்பதில்லை.

வரிச் சட்டம் இதில் இரு திசைகளில் இழுத்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவு, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவைக் கழிக்க அனுமதிக்கவில்லை. ஆனால் விளைபொருளுக்காக உழவருக்குத் தரும் தொகைக்கு, விதி 6டிடி விலக்கு அளித்தது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் ரொக்கம் எடுத்தால் வரிப் பிடித்தம் என்ற 194என் பிரிவு 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்திலேயே, உழவருக்குப் பணம் கொடுக்கும் ஒழுங்குமுறைச் சந்தைக் கமிஷன் முகவர்களுக்கும் வணிகர்களுக்கும் விலக்கு அறிவிக்கப்பட்டது. ஆக, மண்டிக்கு அப்பாலுள்ள வணிகரை வங்கி வழிக்குத் தள்ளிய சட்டம், உழவர் நிற்கும் முதல் படியில் ரொக்கத்துக்கு வாசலைத் திறந்தே வைத்தது.

பட்டுக்கூடு: காத்திருக்க முடியாத சரக்கு

தருமபுரி அரசுப் பட்டுக்கூடு அங்காடி தமிழகத்தின் முக்கியமான கூடு விற்பனைத் தலங்களுள் ஒன்று. உழவர் கொண்டுவரும் கூடு குவியல் குவியலாக எண்ணிடப்பட்டு ஏலத்துக்கு வருகிறது. நூற்பாளர் ஒரு கைப்பிடி அள்ளி, அழுத்தம் பார்த்து, காதருகே ஆட்டி உள்ளே புழுவின் நிலையைக் கணித்து விலை கேட்கிறார். இந்தச் சில நொடிச் சோதனையில்தான் பல வாரப் புழு வளர்ப்பின் கூலி முடிவாகிறது. உழவரால் நல்ல விலைக்குக் காத்திருக்க இயலாது. சில நாட்களில் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறும்; துளைபட்ட கூட்டில் தொடர் இழை கிடைக்காது.

வாங்குபவரின் நிலையும் எளிதன்று. நூற்பாளர் கூட்டை அவித்து, நூற்று, கச்சாப் பட்டை விற்ற பிறகே அவருக்கு வரவு. அந்த நூல் காஞ்சிபுரம் போன்ற நெசவு மையங்களுக்குச் சென்று, கடனில் விலைபோய், வசூலாகித் திரும்பும் வரை அவருடைய முதல் முடங்குகிறது. ஏலம் முடிந்த அன்றே உழவர் கணக்கில் பணம் ஏற வேண்டுமானால், இந்த இடைவெளியை யாராவது நிதியால் நிரப்ப வேண்டும். என்இஎஃப்டி அந்த வேலையைச் செய்யாது. இருக்கும் பணத்தை நகர்த்துவது மட்டுமே அதன் வேலை.

வங்கி ஏன் நிரப்புவதில்லை? கூட்டுக்கும் கச்சாப் பட்டுக்கும் ஜிஎஸ்டி இல்லை. ஆகவே பிற சிறுதொழில்கள் கடன் கேட்கும்போது காட்டும் ஜிஎஸ்டி கணக்குத் தடம் நூற்பாளரிடம் இருப்பதில்லை. அவரது வணிகத்துக்கு நம்பகமான சான்று அங்காடியின் ஏலப் பதிவேடுதான். எந்த நாளில், எத்தனை கிலோ, என்ன விலைக்கு வாங்கினார், எப்போது பணம் செலுத்தினார் என்ற விவரம் அங்கே சேர்கிறது. அதை வங்கி படிக்கக்கூடிய மின்னணு வடிவில், நூற்பாளரின் ஒப்புதலோடு வழங்கினால், நடைமுறை மூலதனக் கடன் வரம்புக்கு அதுவே அடிப்படையாகும். இம்மாவட்டத்தில் மின்னணுமயம் உண்மையில் பயன்தரக்கூடிய இடம் இதுவே.

கரும்பு: கெடு உண்டு, பணம் இல்லை

பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்புக்குச் சட்டப் பாதுகாப்பு வலுவானது: 1966-ஆம் ஆண்டு கரும்பு கட்டுப்பாட்டு ஆணையின்படி, கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. உழவரின் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைப்பதும் ஆலைகளுக்குப் புதிதன்று. ஆயினும் தமிழகத்தில் கரும்பு நிலுவை பருவந்தோறும் பேசப்படும் பிரச்சினையாகவே நீடித்தது.

காரணம் ஆலையின் பணச்சுழற்சியில் இருக்கிறது. அரவை சில மாதங்களில் முடிகிறது. சர்க்கரை விற்பனை ஆண்டு முழுவதும் பரவுகிறது. 2018 முதல் மாதந்தோறும் எவ்வளவு விற்கலாம் என்று ஒன்றிய அரசு அளவு நிர்ணயிக்கிறது. செலவு முன்னால் குவிய, வரவு பின்னால் சொட்டுச் சொட்டாக வருகிறது. இங்கே தேவைப்படுவது அடுத்த பன்னிரண்டு மாத வரவு செலவை முன்கூட்டிக் கணித்து, இருப்புச் சரக்கின் பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் திரட்டும் நிதித் திறன். ‘அனுப்பு’ பொத்தான் அதற்கு மாற்றாகாது.

சரிபார்ப்பு என்னும் மறைந்த வேலை

பலருக்கு ஒரே கோப்பில் பணம் அனுப்பும்போது ஒவ்வொரு வரியிலும் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, தொகை இருக்கும். நெடுங்காலம் என்இஎஃப்டி வரவு கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வைக்கப்பட்டது. பெயர் ஒத்துப்போகிறதா என்ற சோதனை இல்லை. ஓர் இலக்கம் பிசகினால் தொகை வேறொருவருக்குப் போய்ச் சேரக்கூடும். அனுப்பும் முன்பே பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்தும்படி ரிசர்வ் வங்கி ஆணையிட்ட பிறகே இக்குறை தீர வழி பிறந்தது.

இன்னொரு குறை நிறுவனத்துக்கு உள்ளே இருக்கிறது. வங்கி அறிக்கையில் தொகை தெரியும்; எந்தக் குவியலுக்கு, எந்தப் பட்டியலுக்கு என்பது தெரியாது. அனுப்பும் குறிப்பில் ஏல எண்ணைச் சேர்த்தால் இது தீரும். வீட்டுச் சேமிப்புக் கணக்கில் மண்டி வசூலையும் சேர்த்து வாங்கும் பழக்கம் இருக்கும் வரை, எந்த மென்பொருளாலும் கணக்கை நேராக்க முடியாது.

எதிர்வாதம்

உழவரே ரொக்கத்தைத்தான் விரும்புகிறார் என்பது வணிகர் தரப்பின் வாதம். அதில் உண்மை உண்டு. பயிர்க்கடன் நிலுவை உள்ள கணக்கில் விழும் பணத்தை வங்கி பிடித்துக்கொள்ளும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. விற்பனைப் பணத்திலிருந்து எவ்வளவு, எப்போது கடனுக்கு ஈடு செய்யப்படும் என்பதை உழவரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல், மின்னணு வரவைக் கட்டாயமாக்குவது நியாயமாகாது.

முடிவுரை

சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாள் வரம்பைச் சட்டம் 2006-லேயே வகுத்தது. 2024 முதல், அந்த வரம்புக்குள் பணம் தராத நிறுவனம் அச்செலவை அவ்வாண்டுக் கணக்கில் கழிக்க முடியாது. சிறுதொழிலுக்குக் கிடைத்த இந்தக் கவசம், அதற்கு மூலப்பொருள் தரும் உழவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மாவட்டத்தின் நவீனமயத்தை க்யூஆர் அட்டைகளின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. விற்பனைக்கும் வரவுக்கும் இடையே கழிந்த நேரமே சரியான அளவுகோல். பட்டுக்கூடு அங்காடியும் கூட்டுறவு ஆலைகளும் அந்த அளவை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் வெளியிட வேண்டும். அதற்குப் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஏலப் பதிவேடும் எடைச் சீட்டும் வங்கி அறிக்கையும் ஏற்கெனவே கையில் உள்ளன.