ரத்தம் சொன்ன வாத்து வம்சம்



வெள்ளை பெக்கின், நிமிர்ந்து ஓடும் ரன்னர், முட்டைக்குப் பேர்போன காக்கி கேம்பெல், முகத்தில் சிவப்புச் சதை தடித்த மஸ்கவி, எல்லாவற்றையும் வாத்து என்றுதான் சொல்லுகிறோம். ஆனால் எல்லாம் ஒரே வம்சமா?

டார்வின் 1868-இல், எலும்பை அளந்தும் இறகைப் பார்த்தும், வீட்டு வாத்துகளுக்கு மூதாதை பச்சைத் தலைக் காட்டு வாத்தாகிய மல்லார்டுதான் என்று எழுதினார். மஸ்கவியின் பூர்வீகமோ தென் அமெரிக்கா பக்கம். வெளித்தோற்றத்தை நம்பாமல் ரத்தத்தையே கேட்கிற வழி அதற்குப் பிறகுதான் வந்தது.

கேம்பிரிட்ஜில் நட்டால் என்ற அறிஞர் ஒரு பிராணியின் ரத்தநீரை முயலுக்கு ஊசியில் ஏற்றினார். முயலின் உடம்பு இது அந்நியம் என்று கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்கும். அந்த முயலின் ரத்தநீரை மற்றப் பிராணிகளின் ரத்தநீரோடு சேர்த்தால், நெருங்கிய உறவானால் நன்றாகக் கலங்கி அடியில் வண்டல் படியும்; தூரத்து உறவானால் லேசாகத்தான். சுமார் 16,000 சோதனைகள் செய்து 1904-இல் புத்தகம் போட்டார். எவ்வளவு பொறுமை பாருங்கள்!

வாத்துக்கும் வாத்துக்கும் உள்ள வித்தியாசம் பார்க்க இன்னும் நுட்பமான முறை வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து மக்கிப்பன் 1944-இல் சிவப்பணுக்களைக் கொண்டு சோதனை செய்தார். மல்லார்டின் சிவப்பணுவை முயலுக்கு ஏற்றி எதிர்ப்பொருள் எடுப்பது. அதில் மஸ்கவியின் சிவப்பணுக்களைப் போட்டால், இரண்டுக்கும் பொதுவான எதிர்ப்பொருள் அவற்றோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். களையெடுத்த மாதிரிதாங்க! மிஞ்சி நிற்பது மல்லார்டுக்கே உரியது. இப்படிப் பார்த்ததில், இரண்டும் சில அடையாளங்களைப் பங்கிட்டாலும் தனித்தனி என்று தெரிந்தது. கலப்புக் குஞ்சின் ரத்தத்தில் இரு பக்கத்து அடையாளமும் இருந்தது.

இது வளர்ப்பவர் கவனிக்க வேண்டிய விஷயம். பெக்கினும் கேம்பெலும் சேர்ந்தால் குஞ்சுகள் பின்னால் பெருகும். இரண்டும் மல்லார்டு வம்சம். மஸ்கவிக் கிடாவைப் பெக்கின் பெட்டையோடு சேர்த்தால், குஞ்சு நல்ல எடை வரும், கறிக்கு உதவும். ஆனால் கோவேறு கழுதை போல மலடு. தாய்மந்தைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வாங்கினால் பணம் போச்சு. முட்டை பொரிக்கும் நாளும் வேறு: மல்லார்டு வம்சத்துக்கு 28, மஸ்கவிக்கு 35.

இப்போது மரபணுவையே படிக்கிறார்கள். வட அமெரிக்காவின் கிழக்கில், வேட்டைக்கென்று பண்ணையில் வளர்த்துத் திறந்துவிட்ட மல்லார்டுகளின் ரத்தம் காட்டு மல்லார்டுகளில் கலந்திருப்பதை அப்படித்தான் கண்டார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.