வழிகாட்டி காட்டாத செஞ்சி

கோட்டை என்றதும் கொற்றவனை நினைக்கிறோம். கொற்றவன் என்றதும் குதிரையையும் வாளையும் நினைக்கிறோம். அந்தக் கோட்டையின் நிழலில் வாழ்ந்த குடிமக்களை நினைக்கிறோமா? செஞ்சியைக் காணச் செல்லும் இளைஞர்களிடம் நாம் கேட்க விரும்பும் கேள்வி இது.

2025 சூலைத் திங்களில், மராத்தியர் காலக் கோட்டைகள் 12-ஐ உலக மரபுச் சின்னமாக யுனெசுகோ ஏற்றுக்கொண்டது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. மகிழ்கிறோம். ஆனால் மராத்தியர் கையில் செஞ்சி இருந்தது 1677 முதல் 1698 வரை, இருபத்தோராண்டுகள்தாம்! கோனார் தொடங்கினர், நாயக்கர் பெருக்கினர், 1649-இல் பீசப்பூர்ப் படை பிடித்தது, மராத்தியருக்குப் பின் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். ஆண்டவர் மாறினர், கல் சுமந்தவன் மாறவில்லை.

ஒரு நாளில் செஞ்சியைச் சுற்றிக் காட்டுவோர் என்ன காட்டுவர்? இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி எனும் குன்றுகளைக் காட்டுவர். கலியாண மகால், நெற்களஞ்சியம், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லாகான் பள்ளிவாசல் ஆகியவற்றைக் காட்டுவர். தோல் தொழிலாளரின் சாதிப் பெயரைத் தாங்கிய சிறு குன்றொன்றும் அங்கே நிற்கிறது. அதன் கதையைக் கேட்பார் அரியர். இறுதியில் தேசிங்குராசன் கதை! கப்பப் பாக்கி காரணமாக எழுந்த போரில், 1714-இல், இருபத்திரண்டு வயதில் மாண்டான் அவன். அவன் மனைவி தீப்பாய்ந்தாள். வீரம் என்று பாடினர். கற்பு என்று போற்றினர். கப்பத்துக்காக ஒரு போர், அந்தப் போருக்காக ஓர் இளம்பெண்ணின் உயிர். இதில் போற்றுதற்கு என்ன இருக்கிறது? எண்ணிப் பாருங்கள்!

கோட்டையைக் காண வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கோட்டையோடு நின்றுவிட வேண்டாம் என்கிறோம். காலையில் வடக்கே செல்லுங்கள். மாலையில் கிழக்கே செல்லுங்கள். இடைப்பட்ட நேரம் கோட்டைக்குப் போதும்.

வடக்கே, சிங்கவரத்துக்கு அருகே இருப்பது திருநாதர் குன்று. அங்கே ஒரு பெரும்பாறையில், வரிசைக்குப் பன்னிருவராக, இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் செதுக்கப்பட்டுள்ளனர். ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவைப் பொறித்த கல்வெட்டும் அங்கே உண்டு. தமிழ்க் கல்வெட்டுகளில் ‘ஐ’ எனும் எழுத்து முதன்முதலாகக் காணப்படுவது இதில்தான் என்பர் அறிஞர். பட்டினி கிடந்து உயிர்விடுவதைப் பகுத்தறிவு ஏற்காது, நாமும் ஏற்கவில்லை. ஆயினும் ஓர் அரசனின் வெற்றியைப் பாடாமல், ஓர் ஆசிரியனின் நினைவைத் தமிழில் பொறித்துவைத்த அந்தக் கைக்கு நம் வணக்கம் உரியது.

கிழக்கே, திண்டிவனம் செல்லும் திசையில் இருப்பது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணரின் தலைமை மடம் அங்கே இருக்கிறது. மடத்தின் தலைவர் இலக்குமிசேன பட்டாரகர் எனும் பட்டம் தாங்குவார். மலைநாதர் கோயிலில், பாகுபலியும் பார்சுவநாதரும் இயக்கியும் பாறையிலேயே வடிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பார்சுவநாதர் கோயிலின் கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். மடத்தில் ஓலைச்சுவடிகள் உள்ளன. ஊர் சிறிது, அது தாங்கி நிற்கும் வரலாறு பெரிது.

அவ்வரலாற்றில் ஒரு குருதிக் கறை உண்டு. சமணர் வழிவழியாகச் சொல்லிவருவது அது, மயிலை சீனி. வேங்கடசாமி 1954-இல் வெளியிட்ட ‘சமணமும் தமிழும்’ நூலிலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. 1478-ஆம் ஆண்டளவில் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கன், உயர்ந்தோர் எனப்பட்ட குலங்களில் பெண் கேட்டான். பார்ப்பனரைக் கேட்டான், “சமணர் கொடுத்தால் நாங்களும் கொடுப்போம்” என்று தட்டிக் கழித்தனர். சமணரைக் கேட்டான், இசைவதுபோல் இசைந்து, மணநாளில் வீட்டில் ஒரு பெண் நாயைக் கட்டி வைத்துவிட்டு வெளியேறினர். சினம் மூண்டது. சமணர் தலைகள் உருண்டன. உயிர் பிழைக்க விரும்பியவர் நீறு பூசிச் சைவராயினர். ‘நீர்பூசி வேளாளர்’ எனும் பெயர் அவ்வாறு வந்தது என்பர்.

இக்கதையில் குற்றவாளி யார்? வாளெடுத்தவன் குற்றவாளி, ஐயமில்லை. ஆனால் நாடாண்டவனையும் குலம் பார்த்து ஒதுக்கியது எது? சாதி! தந்திரமாக நழுவியவரிடத்தும் சாதி. கொல்லாமை பேசியவர் ஒரு மனிதனுக்கு மணமகளாக நாயைக் கட்டியபோதும் சாதி! அறம் பேசிய சமயமும் அந்நஞ்சுக்குத் தப்பவில்லை. இவர் அனைவர்க்கும் நடுவில் ஒரு பெண் பேசப்படுகிறாள். அவள் விருப்பத்தைக் கேட்டார் எவருமில்லை. தேசிங்கின் மனைவியையும் எவர் கேட்டார்?

வாள் வென்றதா? அதுவுமில்லை. தப்பிச் சென்ற ஒருவர் சிரவணபெளகொளாவில் கற்று வீரசேனாசாரியர் ஆனார் என்றும், தாயனூர் உடையார் ஒருவர் அவரை அழைத்துவந்து சிதறிய மக்களை மீண்டும் ஒன்றுசேர்த்தார் என்றும் அதே வரலாறு கூறுகிறது. நயினார் எனும் பெயரோடு அம்மக்கள் இன்றும் இப்பகுதிச் சிற்றூர்களில் உழவு செய்து வாழ்கின்றனர்.

அவர்கள் காத்தது மடத்தை மட்டுமா? சீவக சிந்தாமணி சமணர் செய்தது. நன்னூல் சமணர் செய்தது. சைவ மடத்தில் பயின்ற உ. வே. சாமிநாதையர், குடந்தைச் சமணர் இல்லங்களில் பொருள் கேட்டுத் தெளிந்தபின்பே 1887-இல் சிந்தாமணியை அச்சேற்றினார். ஓலையும் அதன் பொருளும் அழிந்துபோகாமல் காத்தவர் இருந்தமையால் நமக்கு அந்நூல் கிடைத்தது. செஞ்சியின் பீரங்கிகள் இன்று காட்சிப் பொருள்கள். சிந்தாமணியோ இன்றும் படிக்கப்படுகிறது.

இளைஞர்களே! செஞ்சிக்குச் செல்லுங்கள். இராசகிரி மீது ஏறுங்கள். அக்கல்லை மேலேற்றிய தோள்களை நினையுங்கள். பிறகு இறங்கிவந்து மேல்சித்தாமூருக்கு நடையைக் கட்டுங்கள். அங்கே கும்பிட வேண்டுவதில்லை, கேளுங்கள். நெற்றியில் இதைப் பூசு, இதை அழி என்று அரசு ஆணையிட்டால் என்ன நேரும், குலப்பெருமை பேசினால் எவர் கழுத்தில் கத்தி விழும் என்பதை அவ்வூர் எடுத்துச் சொல்லும். அதைக் கேட்டுத் திரும்புவோரே செஞ்சியை முழுதும் கண்டவர்.