விசா கேட்காத பர்மா

வெளிநாட்டுல தொழில் தொடங்க இன்னைக்கு விசா, முதலீட்டுக் கணக்குன்னு ஒரு கட்டுக் காகிதம் வேணும். செட்டிநாட்டுக்காரங்க பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன காலத்தில் கப்பல் டிக்கெட்டு போதும். ரெண்டு பக்கமும் ஒரே வெள்ளைக்கார சர்க்கார். ஐராவதி டெல்டாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுப்பதுதான் முக்கியத் தொழில். ஏஜெண்டுகள் மூணு வருஷக் கணக்கில் போய் வந்தாங்க.

1930 வாக்கில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத பர்மா சம்சாரிகளின் நிலம் கைமாறியது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937 வாக்கில் 25 பங்கு.

அதே 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1941-ல் இந்தியர்கள் குடியேறக் கட்டுப்பாடு வைத்து ஒப்பந்தம் போட்டாங்க. 1948-ல், சுதந்திர பர்மா, நிலத்தை தேசியமாக்கச் சட்டமே கொண்டுவந்தது. கடலில் போட்ட பெருங்காயம்தான்.

செட்டியார்கள் போட்டது ரொக்கம், இழந்தது நிலம். பர்மா சம்சாரிக்கு அது பாட்டன் உழுத மண். ரெண்டு வயித்தெரிச்சலும் நிஜம். "உன் தொழிலால எங்க ஊருக்கு என்ன லாபம்?"னு விசா அதிகாரி இன்னைக்கு வாசல்லயே கேட்கிறார். எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா, பர்மாவில் அதைக் கேட்க அறுபது எழுபது வருஷம் ஆச்சு. அதுக்குள்ள ரெண்டு தலைமுறை அங்கேயே வேர் விட்டிருந்தது.