கத்தியும் ரத்தமும்

'நிர்வாணம்' என்ற சொல்லுக்குத் திருநங்கையர் வழக்கில் வேறு பொருள்: ஆணுறுப்பை நீக்கிக்கொள்ளுதல். அதில் இரண்டு வகை உண்டு. தாயம்மா கை, டாக்டர் கை. முதல் வகையில் சமூகத்து மூத்தவள் ஒருத்தி, மயக்கமருந்து இல்லாமல், கத்தியால் செய்வாள். நாற்பது நாள் காப்பு, பிறகு சடங்கு. பிழைக்காதவர்களும் உண்டு.

இச்சடங்கின் பழமையை வியந்து எழுதுகிறவர்கள் ஒன்றைப் பார்ப்பதில்லை. கத்தி இருட்டில் இருந்ததற்குச் சட்டமும் காரணம். 1860ன் இந்திய தண்டனைச் சட்டம், 320ஆம் பிரிவில், கொடுங்காயங்களை எட்டாக வகுத்து ஆண்மை நீக்கத்தை முதலில் வைத்தது. டாக்டர்கள் தயங்க இது போதும். ஹார்மோன் வேண்டியவள் மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி விழுங்கினாள். அளவு சொல்ல ஆளில்லை.

1986ல் சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். பிறகுதான் சர்க்கார் திருநங்கையைத் தேடி வந்தது. ஆணுறையோடு வந்தது. ஆனால் கணக்கேட்டில் அவளை நெடுங்காலம் 'ஆணோடு உறவுகொள்ளும் ஆண்' வரிசையில் வைத்தது. எந்த ஆணை உதறக் கத்திக்கு உடம்பைக் கொடுத்தாளோ, அந்த ஆணாகவே. இதை வெறும் சொற்பிழையாக நான் எண்ணவில்லை. தன்னை ஆண் என்றெழுதும் இடத்துக்கு அவள் மறுமுறை வரத் தயங்குவாள். வராதவளுக்குச் சோதனையும் இல்லை, மருந்தும் இல்லை. 2014-15 கணக்கெடுப்பில் திருநங்கையரிடையே தொற்று 7.5 சதவீதம். 2015ல் நாட்டின் வயதுவந்தோரிடையே 0.26.

2008ல் தமிழ்நாடு அரவாணிகள் நலவாரியம் அமைத்தது. அரசு ஆஸ்பத்திரியில் இலவச அறுவையும் வந்தது. கத்தி வெளிச்சத்துக்கு வந்தது என்றே சொல்வேன். ஆனால் இரண்டு கோப்புகள் ஒன்றாகவில்லை. 2019ன் திருநர் சட்டம், 15ஆம் பிரிவு, முதலில் எச்.ஐ.வி. கண்காணிப்பு மையத்தைச் சொல்லி, அடுத்தே அறுவையையும் ஹார்மோனையும் சொன்னது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மற்றவர்களின் பயம், பிறகு அவளுடைய தேவை.

2021ல் ஹைதராபாத்தில் மித்ர் கிளினிக் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. ஹார்மோனுக்கு வந்தவள் ரத்தமும் கொடுத்தாள், வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. பணம் அமெரிக்காவுடையது. 2025 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டதும் கதவை மூடினார்கள். அதே ஆண்டில் வேறு பணத்தில் திறந்தது என்பது ஆறுதல்தான். ஆனால் அவள் உடம்பு இன்னும் யாரோ ஒருவரின் பட்ஜெட்டில் இருக்கிறது.