நாலு கை, ஒரு தாள், ஒரு நாட்டாமை

எதர்பேட் சர்வரை நம்ம பொட்டியில நிறுவினா, கடைசியில எல்லாரும் வந்து நிக்கிற இடம் ஒரே ஒரு கோப்புதான். செட்டிங்ஸ்.ஜேசான். போர்ட் 9001னு ஒரு வரி, தரவுத்தளம் எதுன்னு ஒரு வரி, நிர்வாகிக்குக் கடவுச்சொல்னு ஒரு வரி. பெரும்பாலும் எங்கிருந்தாவது வெட்டி ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவோம். போன மாசம் அந்தக் கோப்பை உட்கார்ந்து வரி வரியா வாசிச்சேன். இது ஏன் இங்க இருக்கு, யார் வெச்சதுன்னு தோண்டத் தோண்ட விஷயம் 1968 வரைக்கும் போயிடுச்சு. அந்தக் கதைதான் இது. பொட்டி தட்டுறவங்களுக்கு மட்டும்னு நினைச்சு ஓடிடாதீங்க, நிரல் ஒரு வரிகூட கிடையாது :-)

தெரியாதவங்களுக்கு ஒரு வரியில்: ஒரே ஆவணத்தை நாலு பேர், நாலு ஊரில் இருந்து, ஒரே நேரத்தில் திருத்தலாம். நீங்க ஒரு எழுத்தடிச்சா என் திரையிலும் தெரியும். அதைச் செய்கிற சர்வரை வேறொருவனிடம் விடாமல் நாமே ஓட்டுவதுதான் சொந்த சர்வர்.

1968 டிசம்பர் 9. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாடு. டக்ளஸ் எங்கல்பார்ட் மேடையில் உட்கார்ந்து தொண்ணூறு நிமிடம் ஒரு செயல்விளக்கம் கொடுத்தார். மௌஸை உலகம் அன்றைக்குத்தான் பார்த்தது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதே விளக்கத்தில் இன்னொன்றும் நடந்தது. சுமார் முப்பது மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த பில் பாக்ஸ்டன், எங்கல்பார்ட்டின் திரையில் இருந்த அதே பக்கத்துக்குள் வந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஒரே ஆவணத்தைப் பார்த்து வேலை செய்தார்கள். பலருக்குக் கணினி என்றாலே அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கிற சமாச்சாரமாக இருந்த காலம் அது.

அவர் காட்டியதில் இரண்டு பேருக்கும் ஒரே கணினி. திரைகள்தான் வேறு வேறு. ஆளுக்கு ஒரு கணினி வந்த பிறகுதான் நிஜமான தலைவலி ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு நகல், நடுவில் மெதுவான கம்பி.

தலைவலி என்னவென்று தமிழிலேயே ஒரு உதாரணம் பார்க்கலாம். நம் இருவர் திரையிலும் 'நேற்று மழை' என்று இருக்கிறது. நான் தொடக்கத்தில் 'அட, ' என்று சேர்க்கிறேன். அதே நொடியில் நீங்கள் 'மழை'யை அழிக்கிறீர்கள். கணினி சொல்லைப் பார்ப்பதில்லை, இடத்தை எண்ணுகிறது. நம் கண்ணுக்கு 'நேற்று' மூன்று எழுத்து. அதற்கோ ந, ஏகாரக் குறி, ற, புள்ளி, ற, உகரக் குறி என்று ஆறு. பிறகு ஒரு இடைவெளி. ஆக உங்கள் பக்கத்தில் இருந்து கிளம்புகிற கட்டளை, 'ஏழு இடம் தள்ளி மூன்றை அழி'. அது என்னிடம் வந்து சேர்வதற்குள் என் நகலில் எல்லாமே நாலு இடம் நகர்ந்திருக்கும். சொன்னபடி ஏழு தள்ளி மூன்றை அழித்தால் என் திரையில் மிஞ்சுவது 'அட, நேற மழை'. உங்கள் திரையில் 'அட, நேற்று'. இனி நாம் இருவரும் வேறு வேறு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம், அது நமக்கே தெரியாது.

1989-ல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எம்சிசி என்ற ஆய்வு நிறுவனத்தில் வேலை. குரோவ் என்று ஒரு கூட்டு எடிட்டர் செய்திருந்தார்கள். யோசனை எளிமையானது. வந்த கட்டளையை அப்படியே நிறைவேற்றாதே, இடையில் நடந்ததைக் கணக்கில் எடுத்து அதைத் திருத்திக்கொள். முன்னால் நாலு சேர்ந்திருக்கிறதா? அப்போ ஏழைப் பதினொன்றாக மாற்று. 'ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன்' என்று பிற்பாடு பெயர் பெற்றது இதுதான். நான் ஓடி என்றே எழுதுகிறேன்.

கேட்க சுலபம். ஆனால் அவர்கள் சொன்ன முறையிலேயே ஓட்டை இருந்தது. கட்டளைகள் ஒரு குறிப்பிட்ட வகையில் ஒன்றை ஒன்று குறுக்கிட்டால் நகல்கள் பிரிந்துவிடும் என்பதை சில வருடம் கழித்து வேறு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பத்து பேர், ஆளுக்கு ஒன்பது பேரிடம் இருந்து கட்டளை, ஒவ்வொன்றும் வேறு வேறு வரிசையில் வந்து சேர்கிறது என்றால் சிக்கலை யோசித்துப் பாருங்க. ஊர்த் திருவிழாப் பஞ்சாயத்து தோத்துரும்.

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த கட்டம் 1995-ல் வருகிறது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டேவிட் நிக்கோல்ஸ், பாவெல் கர்ட்டிஸ் உள்ளிட்ட நாலு பேர் ஜூபிடர் என்ற அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பத்து பேர் சண்டையைத் தீர்ப்பது கஷ்டம், இரண்டு பேர் சண்டையைத் தீர்ப்பது சுலபம். அதனால் நடுவில் ஒரு சர்வரை உட்கார வைத்தார்கள். யாரும் யாரோடும் நேராகப் பேசக் கூடாது, சர்வரோடு மட்டும் பேசு. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று அது சொல்வதுதான் வரிசை. நம்ம பாஷையில் சொன்னால் நாட்டாமை. பத்துப் பேர் பஞ்சாயத்து, பத்து தனித்தனி இருவர் பேச்சாகச் சுருங்கிவிட்டது.

பிற்பாடு கூகுள் வேவ் இதே அடித்தளத்தில்தான் எழுந்தது. எதர்பேடும் தன் சொந்தக் கணக்கு முறையோடு இதே நாட்டாமை ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அருமையான சுருக்கம். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் முடிவாகிவிட்டது. சரியான நகல் எது என்று சொல்கிற உரிமை ஒரே ஒரு பொட்டிக்குப் போய்விட்டது. அந்தப் பொட்டி யார் வீட்டில் இருக்கிறது என்ற கேள்வி அந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அது எதர்பேட் கதையில் வந்து நின்றது.

இடையில் 2003-ல் ஜெர்மனி மாணவர்கள் ஹைட்ரா என்று ஆப்பிள் கணினிக்கு ஒரு கூட்டு எடிட்டர் எழுதினார்கள், பிறகு அதற்கு சப்ஈத்தாஎடிட் என்று பெயர் மாறியது. 2005-ல் ரைட்லி வந்தது, 2006 மார்ச்சில் கூகுள் வாங்கி கூகுள் டாக்ஸின் விதையாக்கிக்கொண்டது. ஆனால் ஆரம்பகால டாக்ஸில் அடுத்தவர் தட்டுவது எழுத்தெழுத்தாகத் தெரியாது, அவ்வப்போதுதான் சேர்ந்துகொள்ளும்.

2008 நவம்பரில் ஆப்ஜெட் என்ற குட்டி நிறுவனம் எதர்பேடை வெளியிட்டது. நிறுவனர்களில் கூகுளில் வேலை பார்த்தவர்களும் உண்டு. ஆளுக்கு ஒரு நிறம், யார் எந்தச் சொல்லை எழுதினார்கள் என்பது நிறத்தில் தெரியும். அரை நொடிக்கு ஒரு முறை மாற்றங்கள் சர்வருக்குப் போகும். கணக்குத் திறக்க வேண்டாம், முகவரியை அனுப்பினால் போதும். கூடவே டைம்ஸ்லைடர்: எழுத ஆரம்பித்ததில் இருந்து கடைசி வரைக்கும் படம் மாதிரி ஓட்டிப் பார்க்கலாம். அந்த நிறுவனத்துக்கு முதல் போட்ட ஒய் காம்பினேட்டரின் பால் கிரஹாம் 2009-ல் ஒரு கட்டுரையை இதிலேயே எழுதி, எழுதிய விதத்தையும் ஓடவிட்டார். அடித்ததும் திருத்தியதும் எல்லாம் ஊருக்கே தெரிந்தது. நமக்கெல்லாம் அந்தத் தைரியம் வருமா என்ன!

2009 டிசம்பர் 4. கூகுள் ஆப்ஜெட்டை வாங்கிவிட்டதாக அறிவிப்பு. குழு வேவ் பக்கம் போகிறது. இனிமேல் புதிதாகப் பலகை திறக்க முடியாது, இருப்பதும் 2010 மார்ச் வரைதான் என்றார்கள். அப்போ நான் ஏழாவது படிச்சிட்டு இருந்தேன், இதெல்லாம் பிற்பாடு வாசித்ததுதான். வகுப்பறையிலும் அலுவலகத்திலும் அதை நம்பி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கொதித்துப்போய்விட்டார்கள். அவர்கள் கையில் என்ன இருந்தது? உலாவியில் ஒரு முகவரி, அவ்வளவுதான். நாட்டாமை வீட்டையே விற்றுவிட்டார், தீர்ப்பு ஏடு உள்ளே இருக்கிறது.

சத்தம் வேலை செய்தது. ஓரிரு நாளில் மறுபடி பலகை திறக்க விட்டார்கள், மூல நிரலைத் திறந்துவிடுவோம் என்றும் சொன்னார்கள். சொன்ன மாதிரியே அதே டிசம்பரில் அப்பாச்சி உரிமத்தில் முழு நிரலும் வெளியே வந்தது. அவர்கள் தளம் 2010 மே மாதம் மூடப்பட்டது. அதற்குள் பல பேர் ஆளுக்கு ஒரு சர்வரில் அதை ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். சுவீடனின் பைரேட் கட்சி பைரேட்பேட் என்று ஒன்று நடத்தியது.

இதில் கொடுமை என்னவென்றால், எந்த வேவுக்காக எதர்பேடை மூடினார்களோ அந்த வேவின் கதை அதைவிட சீக்கிரம் முடிந்தது. 2009 மே மாதம் அறிவிப்பு, 2010 ஆகஸ்டில் இனி வளர்க்கப் போவதில்லை என்று இன்னொரு அறிவிப்பு, 2012 ஏப்ரலில் முழு மூடல். நிரலை அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைத்தார்கள், அங்கேயும் 2018-ல் ஓய்வு கொடுத்தாகிவிட்டது. விழுங்கினது செத்துப்போச்சு, விழுங்கப்பட்டது உயிரோட இருக்கு.

ஆனா உயிரோட இருக்கறது அந்தப் பழைய உடம்பு இல்ல. திறந்துவிட்ட நிரல் ஜாவா, ஸ்காலா, ரைனோ என்று ஒரு கதம்ப சாதம். சாதாரண ஆள் வாடகைக்கு எடுக்கிற சின்ன சர்வர் அதைத் தாங்காது. 2011-ல் சர்வர் பகுதியை மட்டும் நோட்.ஜேஎஸ்-ல் மறுபடி எழுதினார்கள், பெயர் எதர்பேட் லைட். பழையது எழுந்து நிற்கவே 257 எம்பி நினைவகம் தின்னும், புதியதுக்கு 16 எம்பி போதும் என்று அவர்களே அட்டவணை போட்டிருந்தார்கள். நிரல் கையில் கிடைப்பது ஒன்று, அதை ஓட்ட நம்ம வசதி இடம் கொடுப்பது இன்னொன்று. என்னைக் கேட்டால் எதர்பேடைக் காப்பாற்றியதில் பாதிப் புண்ணியம் இந்த எளிமைக்குத்தான்.

இப்போ அந்தக் கோப்புக்கு வருவோம். இணைப்பு வகை என்ற வரியில் வெப்சாக்கெட், போலிங் என்று இரண்டு பெயர். எதர்பேட் பிறந்த 2008-ல் வெப்சாக்கெட்டே கிடையாது, அது தரமானது 2011 டிசம்பரில். அதுவரை 'புதுசு ஏதாவது உண்டா' என்று உலாவி கதவைத் தட்டிக்கொண்டே நின்ற காலத்தின் மிச்சம்தான் அந்த போலிங். முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்துவிட்டு, இணைப்பை மேம்படுத்துகிற தலைப்பு வரிகளைச் சேர்க்காமல் விட்டால், சர்வர் சத்தமில்லாமல் இந்தப் பழைய முறைக்கு இறங்கிவிடும். வேலை நடக்கும், ஆனால் இழுக்கும். எங்கே கோளாறு என்று ரொம்ப நேரம் தேடுவீர்கள்.

தரவுத்தள வரியில் பல வருடம் 'டர்ட்டி' என்றுதான் போட்டு வந்தது. பெயர் சும்மா வைக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே போகும், சர்வர் எழும்போது மொத்தத்தையும் நினைவகத்தில் ஏற்றும். சோதனைக்கு மட்டும் என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கும். நிஜ வேலைக்கு போஸ்ட்கிரஸ் அல்லது மரியாடிபி என்று மாற்றிவிட வேண்டும்.

ஆள் கூட்டம் அதிகமானால் எதர்பேடை இரண்டு பிரதியாக ஓட்டி ஒரே தரவுத்தளத்தில் கட்டிவிடலாம் என்று தோன்றும், மற்ற வலைச் செயலிகளுக்கு நாம் செய்வது அதுதானே. இங்கே கூடாது. ஒரு பலகைக்கு வரிசை சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்க வேண்டும். ஒரே ஊருக்கு ரெண்டு நாட்டாமை இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஜெராக்ஸ் பார்க்கில் 1995-ல் எடுத்த முடிவு, இன்னைக்கு நம்ம சர்வரில் இப்படிக் குறுக்கே வந்து நிற்கிறது.

வெறும் உரை போதாது, வேர்டு கோப்பு வேண்டும் என்பவர்களுக்குக் கொலாபோரா, ஒன்லிஆபிஸ் இரண்டும் உண்டு. கொலாபோராவில் ஓடியே இல்லை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் சர்வரிலேயே ஒரு லிப்ரெஆபிஸ் ஓடும், அது வரைந்த படத் துண்டுகள்தான் நம் உலாவிக்கு வரும். இந்தப் பக்கம் சிஆர்டிடி என்று 2011-ல் பெயர் பெற்ற வகை, எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் நகல்கள் ஒன்றாகிவிடும் என்கிறது, நாட்டாமையே வேண்டாம் என்கிற கட்சி. அதற்குத் தனியாக ஒரு நாள் உட்காரணும்.

நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுறேன்னா, கல்லூரியில் நாங்க ஏழு பேர் சேர்ந்து பொறியியல் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் ஒன்று தொகுத்தோம், ஒரு இலவசப் பலகைத் தளத்தில். தேர்வு முடிந்து திரும்பி வந்தபோது அந்தத் தளமே இல்லை. எண்ணூறு சொல்லுக்கு மேல். பாதியை ஆளாளுக்கு நினைவில் இருந்து மீட்டோம், மீதி போனது போனதுதான். இப்போ அதே பட்டியல் என் சர்வரில் வளர்கிறது, தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு தரவுத்தளம் நகலெடுக்கப்பட்டு வேறொரு ஊரில் உள்ள நண்பன் பொட்டிக்குப் போகிறது.

அந்தப் பட்டியலில் இருக்கிறவங்க எல்லாருக்கும் நான் முதல் நாளே ஒன்று சொல்லிவிட்டேன். எதர்பேட் எதையும் மறப்பதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு எண் போட்டு வைத்திருக்கும், நூறு எண்ணுக்கு ஒரு முறை அந்த நேரத்து முழு உரையையும் சேர்த்து வைக்கும். நீங்க தட்டிவிட்டு உடனே அழித்த வரி திரையில்தான் இல்லை, என் தரவுத்தளத்தில் இருக்கும். டைம்ஸ்லைடரை இழுத்தால் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போ நாட்டாமை நான் ;-)