புதுக்கோட்டை ஆவணங்கள்

இன்றைய புதுக்கோட்டை மாவட்டப் பகுதியில் கல்லிலும் காகிதத்திலும் சேர்ந்துள்ள வரலாற்றுச் சான்றுகளின் தொகுதி. 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணையும்வரை புதுக்கோட்டை, தொண்டைமான்கள் ஆண்ட 1,179 சதுர மைல் பரப்புள்ள சமஸ்தானமாக இருந்தது. சிறிய நாடுதான். ஆனால் தனக்கென்று திவான், தர்பார், அச்சகம், அருங்காட்சியகம் எல்லாம் வைத்திருந்தது. இங்கே எழுத்து அறுபடாமல் சேர்ந்ததற்கு அதுவே காரணம்.

சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்னும் குகையின் கற்படுக்கையில் உள்ள தமிழ் பிராமி எழுத்துகள் இவற்றுள் மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை. குடுமியான்மலைப் பாறையில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு, சுர வரிசைகளை ஏழு பிரிவுகளாகத் தருகிறது. திருமயத்திலும் இசை பற்றிய கல்வெட்டு ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அதன் மேலேயே வேறு கல்வெட்டைப் பொறித்துவிட்டதால் சிதைந்து, சில சொற்களே மிஞ்சின. அங்கே என்ன சுரங்கள் இருந்தன என்பதை இனி யாராலும் மீட்க முடியாது. கல்லில் வெட்டியது அழியாது என்று நம்பியிருப்பவர்கள் திருமயத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

இந்த ஆபத்துக்கு சமஸ்தானம் கண்ட மருந்து, படியெடுத்து அச்சிடுவது. 1910இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. 1916இல் எஸ். ராதாகிருஷ்ண ஐயரின் சமஸ்தான வரலாறு வந்தது. 1929இல் 1,130 கல்வெட்டுகளின் மூலபாடம் அரச மரபு வாரியாகத் தொகுக்கப்பட்டு வெளியானது. தமிழகக் கல்வெட்டு ஆய்வாளர்கள் இன்றும் அந்த நூலின் வரிசை எண்ணைச் சொல்லியே புதுக்கோட்டைக் கல்வெட்டுகளைக் குறிப்பிடுகிறார்கள். கே. ஆர். வெங்கடராம ஐயரின் சமஸ்தானக் கையேடு 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இத்தனையும் ஒரு குட்டி அரசின் செலவில் நடந்தவை என்பதை நன்றியோடு குறிக்க வேண்டும்.

காகித ஆவணங்களில் தலையாயவை இனாம் பதிவேடுகள். சமஸ்தானத்தின் சாகுபடி நிலத்தில் பெரும்பகுதி, கோயிலுக்கும் படைவீரருக்கும் ஊர் ஊழியருக்கும் மானியமாக விடப்பட்டிருந்தது. சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில், 1888இல், இனாம் செட்டில்மெண்ட் நடந்தது. எந்த ஊரில், யாருக்கு, என்ன ஊழியத்துக்காக, எவ்வளவு நிலம் என்பதெல்லாம் அப்போது எழுத்தில் ஏறியது. அரச வரலாறுகளில் இடம் பெறாத காவல்காரரும் பூசாரியும் இந்த ஏடுகளில் இடம் பெற்றார்கள். அமெரிக்க ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட ‘தி ஹாலோ கிரவுன்’ பெரிதும் இவற்றை வைத்தே எழுதப்பட்டது. சாதி, நிலம், அரசுரிமை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த விதத்தை அந்நூல் காட்டியதும், புதுக்கோட்டை உலக வரலாற்றாய்வில் பேசப்படும் பெயராயிற்று.

இணைப்புக்குப் பின் புதுக்கோட்டை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14 அன்று. இடைப்பட்ட 26 ஆண்டுகள் ஆவணங்களுக்குச் சோதனைக்காலம் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓர் அரசு இல்லாமல் போனால் அதன் கோப்புகளைத் தேடிக் கேட்கும் அலுவலகமும் இல்லாமல் போகிறது. கரையான் செய்யும் கேட்டைவிட இது பெரிது. அச்சேறிய கல்வெட்டுகள் நூலகங்கள்தோறும் பரவித் தப்பிவிட்டன. ஒற்றைப் பிரதியாக இருக்கும் தர்பார் கோப்புக்கு அந்தக் காப்பு கிடையாது.

அரசுக்கு வெளியே நடந்த சேகரிப்பில் ஞானாலயா ஆய்வு நூலகம் முதலிடம் பெறும். பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி தம்பதியர் தம் சொந்தப் பணத்தில் வளர்த்த இந்நூலகத்தில் தமிழ் நூல்களின் முதல் பதிப்புகளும் பழைய இதழ்களும் உள்ளன. வேறெங்கும் கிடைக்காத இதழ்களைத் தேடி ஆய்வு மாணவர்கள் இங்கே வருகிறார்கள்.