மார்கஸ் ஃப்ளிண்ட் எந்த வகுப்பில் படித்தான்?

மார்கஸ் ஃப்ளிண்ட்டை உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. ஹாரி பாட்டர் கதையில் ஸ்லிதரின் குவிடிச் அணியின் கேப்டன். முரடன், அழுகுணி ஆட்டக்காரன், அவ்வளவுதான். முதல் புத்தகத்தில் அவன் ஆறாம் ஆண்டு மாணவன். ஹாக்வார்ட்ஸில் மொத்தமே ஏழு ஆண்டுகள். இரண்டாம் புத்தகத்தோடு அவன் மூட்டை கட்டியிருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் புத்தகத்திலும் துடைப்பத்தில் ஏறிக்கொண்டு வந்து நிற்கிறான்.

வாசகர்கள் விடுவார்களா? கேட்டுவிட்டார்கள். ஒன்று நான் தப்பாக எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் ஒரு வருஷம் ஃபெயில் ஆகியிருக்க வேண்டும், இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்கிற தொனியில் பதில் சொன்னார் ரௌலிங். எங்கள் மென்பொருள் துறையில் இந்தப் பதில் ரொம்பப் பிரசித்தம்: "இது பக் இல்ல சார், ஃபீச்சர்." பிற்பாடு வந்த பதிப்புகளில் ஆறாம் ஆண்டு சத்தமில்லாமல் ஐந்தாம் ஆண்டு ஆனது. அதற்குள் ரசிகர்கள் அவன் பெயரையே ஒரு கலைச்சொல் ஆக்கிவிட்டார்கள். கதையில் இப்படி ஒரு சறுக்கல் கிடைத்தால் அதற்குப் பெயர் 'ஃப்ளிண்ட்'.

இதைவிடப் பெரிய ஃப்ளிண்ட் 2000 ஜூலையில் வெளியான நான்காம் புத்தகத்தில் இருந்தது. இடுகாட்டில் வோல்டமார்ட்டின் மந்திரக்கோலும் ஹாரியின் மந்திரக்கோலும் மோதுகின்றன. வோல்டமார்ட்டின் கோல் கொன்றவர்களின் நிழலுருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன, கடைசியாகச் செத்தவர் முதலில். ஹாரியின் அப்பா ஜேம்ஸ் முதலில் கொல்லப்பட்டார், அம்மா லில்லி அடுத்து. ஆகவே லில்லிதான் முதலில் வந்திருக்க வேண்டும். முதல் அச்சில் ஜேம்ஸ் முதலில் வந்தார்.

இதைப் பிழை என்று யாரும் சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவேளை அம்மாதான் முதலில் இறந்தாரோ? இதுவரை நமக்குச் சொல்லப்பட்ட கதையே பொய்யோ? விதவிதமாகக் கோட்டை கட்டினார்கள். கடைசியில் ரௌலிங் பிழையை ஒப்புக்கொண்டார், அடுத்தடுத்த அச்சுகளில் வரிசை மாறியது. கட்டிய கோட்டைகள் எல்லாம் ஒரே நாளில் பொடிப்பொடி.

பிழையைத் திருத்த இன்னொரு வழியும் உண்டு. 1937இல் வந்த டோல்கீனின் 'தி ஹாபிட்' முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தையே பரிசாகத் தருகிறேன் என்று கோலம் ஒப்புக்கொள்கிறான். பின்னால் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதும்போது அது சாதாரண மோதிரம் இல்லை, யாராலும் மனசார விட்டுக்கொடுக்க முடியாத சாபம் என்று ஆகிவிட்டது. 1951 பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றினார். மாற்றியதோடு நிற்காமல், பழைய வடிவம் பில்போ சொன்ன பொய் என்றும் ஆக்கினார். நல்லவனான பில்போவையே பொய் சொல்ல வைத்த மோதிரம் என்றால் அது எவ்வளவு கெட்டதாக இருக்கும்! ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு ஜன்னலை வைத்துவிட்டார் மனிதர்.

ரௌலிங்கின் வாசகர்கள் தேடியதும் இந்த ஜன்னலைத்தான். ஓட்டை கண்டுபிடிப்பவர்கள் கதையைக் கேலி செய்கிறார்கள் என்று நினைப்பது தவறு. கதையில் மனசு ஒட்டாதவனுக்கு மார்கஸ் ஃப்ளிண்ட் எந்த வகுப்பில் படித்தால் என்ன? அந்த உலகம் நிஜமாகவே எங்கோ இருக்கிறது என்று நம்புகிறவனுக்குத்தான் கணக்கு உதைக்கும்.

சொற்களிலும் இதே கறார்தான். 1997இல் லண்டனில் வந்த முதல் புத்தகத்தின் தலைப்பில் இருந்தது ரசவாதக் கல், ஐரோப்பிய ரசவாதிகள் நூற்றாண்டுகளாகத் தேடிய பொருள். 1998இல் அமெரிக்கப் பதிப்பகம் அதை 'சூனியக்காரனின் கல்' என்கிற பொருளில் மாற்றியது. கதையில் வரும் நிக்கோலஸ் ஃப்ளாமெல் பாரிஸில் வாழ்ந்து 1418இல் இறந்த நிஜ மனிதர், ரசவாதி என்ற புகழ் இறந்த பிறகு அவருக்கு வந்து சேர்ந்தது. ஒரு சொல் போனதும் அவ்வளவு வரலாறும் தலைப்பிலிருந்து போய்விட்டது. பிற்பாடு ரௌலிங்கே அந்த மாற்றத்துக்குச் சம்மதித்ததற்காக வருத்தப்பட்டார்.

இந்தக் கணக்கையெல்லாம் யாராவது எழுதி வைக்க வேண்டுமே? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பள்ளி நூலகர் அதைச் செய்தார். பெயர் ஸ்டீவ் வாண்டர் ஆர்க். மந்திரங்கள், பாத்திரங்கள், தேதிகள், ஃப்ளிண்ட்கள் எல்லாவற்றையும் அகரவரிசைப்படுத்தி 2000இல் இணையத்தில் 'ஹாரி பாட்டர் லெக்சிகன்' என்ற அகராதியைத் தொடங்கினார். 2004இல் ரௌலிங் அதற்குத் தன் ரசிகர் தள விருதைக் கொடுத்தார். எழுதும்போது ஒரு தகவல் சந்தேகம் என்றால் தானே அதைத் திறந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

அதே அகராதி அச்சுப் புத்தகமாக வரப்போகிறது என்றதும் ரௌலிங்கும் வார்னர் பிரதர்ஸும் பதிப்பகத்தின்மீது வழக்குப் போட்டார்கள். 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் விசாரணை. சாட்சிக் கூண்டில் வாண்டர் ஆர்க் அழுதுவிட்டார். செப்டம்பரில் நீதிபதி ராபர்ட் பேட்டர்சன் தீர்ப்பளித்தார்: இந்த மாதிரித் துணைநூல்கள் எழுதுவதையே தடுக்க எழுத்தாளருக்கு உரிமை இல்லை, ஆனால் இந்த நூல் ரௌலிங்கின் சொந்த வாக்கியங்களை அளவுக்கு மீறி எடுத்திருக்கிறது. தடை விதிக்கப்பட்டது, இழப்பீடு 6,750 டாலர். திருத்தி எழுதிய வடிவம் 2009 ஜனவரியில் வெளிவந்தது.

சட்டப்படி தீர்ப்பு நியாயம்தான், ரௌலிங்கின் வாக்கியங்கள் அவருடையவை. அப்படியும் எனக்கு ஒரு உறுத்தல் மிச்சமிருக்கிறது. அலுவலகத்தில் யார் பிழையைக் கண்டுபிடித்தார்கள், யார் சரிசெய்தார்கள் என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிவு இருக்கும். புத்தகத்தில் அது கிடையாது. இன்றைக்குக் கடையில் நான்காம் பாகம் வாங்கும் பிள்ளைக்கு லில்லி சரியாக முதலில் வருவாள். தனக்கு முன்னால் யாரோ ஒரு சிறுவன் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இது எப்படிங்க?" என்று தூங்காமல் யோசித்தான் என்பது அதற்குத் தெரியப்போவதில்லை.